விண்ணப்பமும் நுழைவுத் தேர்வும்: மாணவர்க்குச் சில சொற்கள்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழா நாளில் வாழ்த்துரை வழங்குவது வழக்கம். நாம் வாழ்த்த மட்டும் வரவில்லை. சற்றுக் கடிந்துகொள்ளவும் வந்துள்ளோம். அரசுப் பள்ளிகளில் பணியாற்றிய காலமெல்லாம் நாம் கண்டது இதுதான்: நம் பிள்ளைகள் மதிப்பெண் குறைந்து இழந்த இடங்களும் உண்டு, தாள் ஒன்று குறைந்து இழந்த இடங்களும் உண்டு. முன்னதை மாற்றக் காலம் பிடிக்கும். பின்னதை இவ்வாண்டே நிறுத்திவிடலாம்.

நம் கதையையே சொல்கிறோம். 1987இல் மேனிலைத் தேர்வில் தேறித் தொழிற்கல்விக்கு விண்ணப்பித்தோம். சாதிச் சான்று கையில் இல்லை. தகப்பனார் கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் ஓர் அலுவலகத்தின் திண்ணையில் காத்திருந்தார். சான்று கிடைத்தபோது கடைசி நாள் கடந்து இரண்டு நாள்கள் ஆகிவிட்டன. அனுப்பிய விண்ணப்பம் அஞ்சலில் திரும்பி வந்தது. விண்ணப்பம் இன்னும் வாங்கிக்கொண்டிருந்த கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தோம். ஆசிரியப் பணி நம்மைக் கைவிடவில்லை. ஆயினும் அந்த உறை இன்றும் நம் பெட்டியில் கிடக்கிறது. மூன்று நாள் கூலி போனதைத் தகப்பனார் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஆகவே முதற்கண் சான்றுகளைப் பற்றியே பேசுகிறோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லையெனில் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தொடங்குமுன்பே பெற்றுவிடுங்கள். தேர்வு முடிவு வந்தபின் இ-சேவை மையத்தில் ஊரே வரிசையில் நிற்கும். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றில் மூன்றாவது பெயர் என்று நம் வீடுகளில் வழங்குவது அனைவரும் அறிந்ததே. நம் தலைப்பெழுத்து வழக்கம் வடநாட்டார் வகுத்த படிவங்களுக்குப் புரிவதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளதையே அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உட்பிரிவின் பெயரையும் பாருங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தமிழகத்தில் பட்டியல் வகுப்பினர்க்குரிய 18 விழுக்காட்டில் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு உள் ஒதுக்கீடாக உள்ளது. மைய அரசின் நிறுவனங்களிலோ 15 விழுக்காடு. அங்கு இப்பிரிவு இல்லை. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தைக் குறிப்பது என்று தெரியாமல் குறித்துவிட்டுப் பிறகு அலைந்தவர்களை நாம் அறிவோம்.

இன்னொன்று, சிறிய செய்தி போலத் தோன்றும். மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பித் தருபவர், அவசரத்தில் தம் கைப்பேசி எண்ணையே இட்டுவிடுவார். கலந்தாய்வு அழைப்பும் கடவு எண்ணும் அவருக்கே போகும். அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்! சென்ற சில ஆண்டுகளில் இவ்வாறு தவித்த மாணவியர் இருவரை நாமே கண்டோம். உங்கள் வீட்டு எண்ணைக் கொடுங்கள். கடவுச் சொல்லை ஏட்டில் எழுதி வையுங்கள். விண்ணப்பத்தின் படியைக் கையோடு வாங்கி வாருங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் மருத்துவக் கல்வியிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நன்றாகப் படிக்கும் பிள்ளையை, வட்டிக்குக் கடன் வாங்கிப் பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறீர்கள். பணமும் போகிறது, உரிமையும் போகிறது. தலைமையாசிரியர் என்பதால் நம் கடைக்குக் கூவுகிறோம் என எண்ண வேண்டா. கணக்கைப் பார்த்துச் சொல்கிறோம்.

இனித் தேர்வுகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வை நம் மக்கள் பெரிதாக நினைப்பதில்லை. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்காண்டில் 48,000 ரூபாய். பணத்தினும் பெரிது, போட்டித் தேர்வின் பழக்கம் பதின்மூன்று வயதிலேயே கிட்டுவது. மனத்திறனில் 90 வினா, படிப்பறிவில் 90 வினா. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே ஒரு வினாவையும் விடாதீர்கள்.

மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் நிலை வேறு. 180 வினாக்கள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக விலக்க முடிந்தால் துணிந்து எழுதுங்கள். கணக்குப்படி அது இலாபமே. வினாவே விளங்காதபோது அங்கு நின்று நேரத்தை இழக்காதீர்கள். தமிழில் எழுத விரும்புவோர் விண்ணப்பிக்கும்போதே தமிழைத் தெரிவு செய்தல் வேண்டும். வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் உடனிருக்கும்; ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது. ஆதலின் பாடச் சொற்களை இரு மொழியிலும் பழகுங்கள். தாழ்வுணர்ச்சிக்காக அன்று, தற்காப்புக்காக.

பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். படித்துப் பார்ப்பது வேறு, உட்கார்ந்து எழுதுவது வேறு. வட்டங்களைக் கருப்பிட்டு நிரப்புவதையும் பழக வேண்டும். கடைசிக் கால்மணி நேரத்தில் வரிசை மாறி நிரப்பி அழுத பிள்ளைகள் பலர்.

அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியாவிற்குச் சென்றதை மேடைதோறும் பேசுகிறோம். 1917இல் உதவித்தொகை முடிந்து இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. நான்காண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றே அவர் கப்பலேறினார். பம்பாயில் பேராசிரியப் பணி புரிந்து பணம் சேர்த்து, 1920இல் மீண்டும் சென்றார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். திரும்பும் வேளையிலும் அனுமதியைக் கேட்டுப் பெறத் தோன்றிற்றே, அதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

சங்கத் தலைவரிடம் பேசி இசைவு பெற்றுள்ளோம். தேர்வுக் காலம் முடியும்வரை ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு இப்படிப்பகத்தில் நாம் இருப்போம். விண்ணப்பத்தை அனுப்புமுன் கொண்டு வாருங்கள். அனுப்பிய பின் அன்று. ஆதார், பத்தாம் வகுப்புச் சான்று, சாதிச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும்.