மிஸ்ஸியின் புத்தகத்தில் உங்கள் பெயர்

(ஈப்போவில் முன்னாள் தோட்டக் குடும்பங்களுக்கும் சுகாதாரத் தொண்டர்களுக்கும் ஆற்றிய உரை)



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெயர் கூப்பிடுவது புதிதல்ல. விடியற்காலைப் பிரட்டில் பெயரை அழைப்பார்கள். செக்ரோலில் ஏறினால்தான் அன்றைய கூலி. பெயர் விட்டுப்போனால், நாள் முழுக்க மரம் சீவியிருந்தாலும் கணக்கில் வராது. கிளினிக்கிலும் ஒரு செக்ரோல் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதில் பெயர் விட்டுப்போனால் கூலி போகாது. கண் போகலாம், கால் போகலாம்.

நம் முன்னோர் வந்த காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் மலேரியா ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. 1901இல் சிலாங்கூர், கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்த மல்கம் வாட்சன் மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும்; இடது விலா எலும்புக்குக் கீழே கையில் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி என்று எழுதினார். அந்தத் தோட்டம் குன்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துப் பார்த்தார். எந்த நிலத்தில் காட்டை வெட்டி வடிகால் போட்டால் காய்ச்சல் குறையும், எங்கே அது போதாது என்பதை அந்தக் கணக்கு காட்டிக் கொடுத்தது. அன்று வயிற்றைக் காட்டி நின்றவர்களில் பலர் நம் தமிழ்ப் பிள்ளைகள்.

இனி நம் பேராக்கிற்கு வருவோம். கிரியான் மாவட்டத்தில் 1976 முதல் 1980 வரை பிரசவத்தை ஒட்டி இறந்த தாய்மார்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1982இல் மலேசிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. இப்படிப்பட்ட ஆய்வில் கேட்பது எளிய கேள்விகள்தான். அந்தத் தாய்க்கு ரத்தம் குறைவாக இருந்ததா? பிரசவம் எங்கே நடந்தது? மருத்துவமனைக்கு அனுப்ப எவ்வளவு நேரமானது? பதில்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான், அடுத்த தாயை எந்தக் கட்டத்தில் காப்பாற்றலாம் என்பது தெரியும்.

கர்ப்பிணிகள் கையில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் மிஸ்ஸி ஒரு வண்ணத்தைக் குறித்துத் தருகிறாரே, அதுவும் இதே சிந்தனையிலிருந்து வந்ததுதான். வெள்ளை என்றால் கிளினிக் டேசா மிஸ்ஸியே கவனித்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் போக வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. முந்தைய பிரசவத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் சொன்னால்தான் சரியான வண்ணம் விழும். "முதல் பிள்ளை வேறு ஊரில் பிறந்தது, அதெல்லாம் எதற்கு" என்று சொல்லிவிடாதீர்கள்.

1991 முதல் நாடு முழுவதும் ஒவ்வொரு தாயின் மரணமும் இரகசியமாக விசாரிக்கப்படுகிறது. நோக்கம், காரணத்தை அறிவது; தண்டனை கொடுப்பது அதன் வேலையில்லை. விசாரணை தொடங்கிய ஆண்டில் என்ன ஆனது தெரியுமா? உயிருடன் பிறந்த ஒரு இலட்சம் குழந்தைகளுக்குச் சுமார் 20 தாய்மார்கள் இறந்தார்கள் என்று 1990இல் எழுதப்பட்டிருந்தது. 1991இல் அது 44 ஆனது. ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்! வைத்தியம் கெட்டுப்போகவில்லை. அதுவரை வேறு காரணத்தின் கீழ் எழுதப்பட்ட மரணங்களும் எழுதப்படாமல் போனவையும் கணக்கில் வந்தன. ஆகவே ஒரு மாவட்டத்தில் எண் கூடினால் உடனே அங்குள்ள ஊழியர்களைத் திட்டாதீர்கள். அவர்கள் ஒழுங்காக எண்ணத் தொடங்கியிருக்கலாம்.

இப்போது நம் வீட்டுக்குள் இருக்கும் விஷயம், இனிப்புநீர். 2019இன் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சர்க்கரை அதிகம். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அப்படிப்பட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தெரிந்தவர்களுக்கு 2009 முதல் தேசிய நீரிழிவுப் பதிவேடு இருக்கிறது. ஆண்டுதோறும் அரசாங்கக் கிளினிக் நோயாளிகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, சர்க்கரை கட்டுப்பட்டதா, கண் பார்க்கப்பட்டதா, கால் பார்க்கப்பட்டதா, சிறுநீரகம் எப்படி என்று சரிபார்க்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பவரைப் பதிவேடு தேடிப் போகாது. அவரைத் தேட ஆள் வேண்டும், விலாசம் வேண்டும்.

தோட்டக் குடும்பங்களுக்குச் சிக்கல் இங்கேதான். அந்தக் காலத்தில் தோட்ட மருந்தகத்தில் டிரெசர் இருந்தார். தோட்டம் தனியார் நிலம், வைத்தியம் முதலாளி பொறுப்பு. எந்த லயத்தில் யாருக்கு இழுப்பு, எந்த வீட்டில் யார் கர்ப்பம் என்பது அவர் நோட்டில் இருக்கும். நோட்டில் இல்லாததும் அவர் தலையில் இருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் பக்கத்து லயங்களிலிருந்து மக்கள் தாமான்களுக்கும் புந்தோங்கிற்கும் வந்தார்கள். டிரெசரின் நோட்டு கூட வரவில்லை. பலருடைய ஐசியில் இன்னும் தோட்டத்து விலாசம். மிஸ்ஸி அங்கே போய்ப் பார்த்தால் செம்பனைதான் நிற்கிறது.

கிராமப்புறத்தில் 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டேசா, 20,000 பேருக்கு ஒரு கிளினிக் கெசிஹாத்தான் என்பது நாட்டில் நெடுங்காலமாக உள்ள அளவுகோல். தலைகளை எண்ணாமல் அளவுகோலால் என்ன பயன்? ஒரு கிளினிக்கிற்கு இன்னொரு மிஸ்ஸி கேட்டால், அங்கே வேலை எவ்வளவு என்று காட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறது. ஆண்டில் எத்தனை வேலை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், ஓர் ஊழியருக்கு லீவு போக எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டால், எத்தனை பேர் தேவை என்பது வரும்.

இங்கே வந்திருக்கும் மிஸ்ஸிகளுக்கு ஒரு வார்த்தை. தாமானில் ஒரு வீட்டு வருகையும், மழையில் செம்பனைக்குள் மண்சாலையில் போய்ப் பார்க்கும் வருகையும் புத்தகத்தில் ஒரே ஒரு கோடுதான். முதலாவது கால் மணி, இரண்டாவது அரை நாள். பயண நேரத்தையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் தூரத்துக் கிளினிக் எப்போதும் வேலை குறைந்த கிளினிக்காகவே தெரியும். அங்கிருந்துதான் ஆளை எடுப்பார்கள். எழுதவே பொழுது போகிறது என்பதும் எனக்குத் தெரியும். யாரும் திருப்பிப் பார்க்காத படிவம் எது என்று கூட்டத்தில் சொல்லுங்கள். அதை நிறுத்துவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

மற்றவர்களுக்கு: நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதலாம். அதனால் பெயரை மட்டும் சொல்லாமல் ஐசியைக் கொடுங்கள். தனியார் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் மருந்து உறையை வீசாமல் கொண்டுவாருங்கள். நாட்டு மருந்து குடித்தால் அதையும் சொல்லுங்கள். மிஸ்ஸி திட்டமாட்டார், திட்டினாலும் சொல்லுங்கள். உங்கள் நோய் விவரத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லக் கிளினிக்கிற்கு அனுமதியில்லை. சுகாதாரத் தொண்டர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; கோயிலில் பேசும் பேச்சில் ஒருவருடைய நோய் வரக்கூடாது.

பின்னால் இருக்கும் மேசையில் இரண்டு மிஸ்ஸிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். விலாசம் மாறியவர்கள், கைபேசி எண் மாறியவர்கள் ஐசியோடு அங்கே போங்கள். நாற்பது வயதைத் தாண்டியும் சர்க்கரை பார்க்காதவர்கள் விரலை நீட்டுங்கள். வீட்டில் நடக்க முடியாத அப்பாவோ பாட்டியோ இருந்தால் அவர்கள் பெயரையும் கொடுங்கள். எந்த வீடு, எந்தச் சந்து, நாய் இருக்கிறதா என்பதுவரை சொல்லிவிட்டு, அதன் பிறகு தேநீர் குடிக்கப் போகலாம்.