கருப்பை இறக்கமும் அடித்தசைப் பயிற்சியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையில் யாம் இதுகாறும் இலக்கியம் பற்றியே பேசி வந்துள்ளோம். இன்று மாதர்க்கு உறும் நோயொன்றைப் பற்றிப் பேச எழுந்தமை கண்டு, தமிழாசிரியருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் கருதுதல் கூடும். யாம் வைத்தியர் அல்லோம். ஆயினும், இடக்கரடக்கல் என நன்னூலார் கூறிய வழக்கை ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். அவையிற் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்லுக என்பதே அவ்விலக்கணம். சொல்லாதே விடுக என்பதன்று. நம் இல்லங்களிலோ கருப்பை இறக்கம் என்னும் நோயை மறைத்துச் சொல்லுவாரும் இலர். "அடி இறங்கிவிட்டது" என்று மூதாட்டியர் தம்முள் மெல்லக் கூறுவதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது.

எம் உறவினருள் ஓர் அம்மையார் மூன்று மக்களைப் பெற்றவர். மாலையானால் அடிவயிறு கனத்தலும், கீழே ஏதோ நழுவி வருவது போன்ற உணர்ச்சியும், தும்மினால் நீர் கசிதலும் அவரை நான்கு ஆண்டுகள் வருத்தின. திருமண வீடுகளுக்குச் செல்லுதலை நிறுத்தினார். காரணம் கேட்டார்க்கு முழங்கால் வலி என்றார். முடிவில் சத்திர சிகிச்சையால் கருப்பை நீக்கப்பட்டது. நம் சங்கத்து மருத்துவ நிதியிலிருந்தும் உதவி சென்றது. பயிற்சி என்று ஒன்று உண்டு என்பதை அவர்க்கு ஒருவரும் கூறிற்றிலர். இரண்டாண்டு கழித்துப் பழைய கனம் மீண்டது. கருப்பையே இல்லாதபோது இறங்குவது எது என்று எம் இல்லாளிடம் அழுதுகொண்டே கேட்டனராம். அவ்வினாவே எம்மை இப்பொருளில் நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பு முதல் வாலெலும்பு வரை, தூளி கட்டினாற் போலத் தசைகள் பரந்துள்ளன. நீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் அத்தூளி கீழிருந்து தாங்குகின்றது. இணைப்பு நார்கள் மேலிருந்து பிடித்துள்ளன. மகப்பேற்றில் அத்தூளி மிக விரிகின்றது. சிலர்க்குக் கிழிதலும் உண்டு. பேறு பலவாதல், ஓயாத இருமல், மலச்சிக்கலால் முக்குதல், பெருஞ்சுமை தூக்குதல், உடற்பருமன், மாதவிடாய் நின்றபின் உண்டாகும் மெலிவு ஆகியன அதனை மேலும் தளர்த்தும். கருப்பையை எடுத்துவிடினும் தளர்ந்த தூளி தளர்ந்தபடியே இருத்தலின், நீர்ப்பையோ, மலக்குடலோ, பிறப்புவழியின் மேல்முனையோ பின்னர் இறங்குதல் கூடும். அம்மையாரின் வினாவுக்கு விடை இதுவே.

இத்தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்பதை அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் என்பார் 1948-ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். அவர் பெரிதும் கருதியது நீர்க்கசிவையே. இறக்கத்திற்கும் இது பயன்படுமோ என்பதைப் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 447 மாதரிடம் ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். பயிற்றுநரிடம் தனித்தனியே கற்ற மாதர்க்கு, ஓராண்டின் முடிவில், கல்லாதாரினும் தொல்லை குறைந்திருந்தது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமும் 2019-இல், இறக்கத்தின் முதலிரு நிலைகளில் தொல்லையுறுவார்க்கு, மேற்பார்வையுடன் கூடிய 16 வாரப் பயிற்சியேனும் முதல் வழியாகக் கருதத்தக்கது என்றது.

செய்யும் முறை எளிது, செலவில்லாதது. படுத்தோ அமர்ந்தோ, வாயு பிரியாமலும் நீர் கழியாமலும் ஒருங்கே அடக்குவார் போலத் தசைகளை உள்ளும் மேலுமாக இழுத்தல் வேண்டும். தொடக்கத்தில் மூன்று நான்கு நொடி நிறுத்தி, அவ்வளவே தளரவிட்டு, நாளடைவில் பத்து நொடி வரை உயர்த்தலாம். இவ்வாறு பத்து முறை. பின்னர் விரைவாக இழுத்து விடுதல் பத்து முறை. நாளொன்றுக்கு மூன்று வேளை. யோக நூலார் கூறும் மூலபந்தம் இதனை ஒத்ததேயாயினும், ஈண்டு மூச்சை அடக்கலாகாது. தொடையையும் பிட்டத்தையும் இறுக்குதல் வேண்டா. நீர் கழிக்கும்போதே இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுதலும் தீது. இருமுமுன்னும், குடம் தூக்குமுன்னும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளும் வழக்கம் மிக நன்று. மேலிழுப்பதாக எண்ணிக் கீழ்நோக்கி முக்குவார் பலர். அது நோயைப் பெருக்கும். ஆதலின், இதில் தேர்ந்த இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் முதலில் கற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது. ஏட்டைப் பார்த்து வீணை பழகியவரை யாம் கண்டதில்லை.

பயிற்சி எல்லாம் வல்லது எனக் கூறோம். கருப்பை முற்றும் வெளிவந்துவிட்ட நிலையில் அது மட்டும் போதாது. அந்நிலையிலும் உள்ளே பொருத்தும் வளையம் ஒன்று உண்டு; கத்தியை வேண்டாதார்க்கும், முதுமையால் சத்திர சிகிச்சையைத் தாங்காதார்க்கும் அது பெருந்துணை. சத்திர சிகிச்சையே தக்கதாகும் மாதரும் உளர். அவர் அஞ்சி ஒதுங்குதல் வேண்டா. நீர் பிரியாமை, வெளிவந்த பகுதியிற் புண், மாதவிடாய் நின்றபின் குருதி காணுதல் என்பன உண்டாயின் பயிற்சியை நம்பி நாளைக் கடத்தாது, உடனே மருத்துவரிடம் செல்லுக.

இனி ஆடவரை நோக்கி ஒன்று. நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம், மனைவியோ தாயோ ஒருவராலும் அழைக்கப்படாது அமர்ந்திருக்க நம் வீட்டில் இடம் உண்டா? தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் அக்காலத்தில் தூக்குவார் யார்? பயிற்சி பயன்படாதொழிவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான் என்பது எம் எண்ணம்.

நம் சங்கத்து விதியும் திருந்துதல் வேண்டும். சத்திர சிகிச்சைக்குரிய சீட்டைக் காட்டினார்க்கே மருத்துவ நிதி வழங்கப்படும் என இப்பொழுது உள்ளது. வறியவள் ஒருத்தி கத்திக்குச் சென்றால் பொருள் உண்டு, பயிற்சிக்குச் சென்றால் இல்லை. அவள் எதனைத் தேர்வாள்? இயன்முறை மருத்துவர்க்குத் தரும் கட்டணத்தையும், வளையத்தின் விலையையும் அந்நிதியில் சேர்த்தல் வேண்டும் எனவும், விண்ணப்பத்தை மாதர் குழுவின் செயலாளரிடமே, நோயின் பெயரைப் பிறர் அறியாவண்ணம், தரலாம் எனவும் ஒரு தீர்மானம் எழுதி வைத்துள்ளோம். அதனை அடுத்த நிருவாகக் குழுவில் முன்மொழிவோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். தாய்மார் ஒருவர் முன்வரின் பெரிதும் மகிழ்வோம்.