எங்கே நிற்கிறது நம் வண்டி?
(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)



பரிசளிப்பு மேடையில் லோரியைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். செம்பனைப் பழம் ஏற்றும் லோரி, கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரி, பிள்ளைகளை அழைத்து வரும் வேன், இவற்றை ஓட்டுபவர்களில் பலர் நம் வீட்டு ஆட்கள்தாம். அவ்வண்டிகள் பலவற்றில் இன்று ஒரு சிறு கருவி இருக்கிறது. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்த கங்காணியின் வேலையை அது செய்கிறது. கண்காணி என்பதுதானே கங்காணி ஆயிற்று!

கருவி வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. குறைந்தது 4 கோள்களின் அலை வந்து சேரும் நேரத்தை வைத்துக் கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் போதும், 300 மீட்டர் பிசகிவிடும்! பந்திங் சாலையில் வானம் திறந்து கிடப்பதால் கணக்கு சரியாக வரும். கோலாலம்பூரில் அப்படியில்லை. மாடிக் கட்டடங்களில் அலை மோதித் திரும்புவதால், வண்டி அடுத்த தெருவில் நிற்பதாகப் படம் காட்டும்.

அங்கேதான் கைப்பேசிக் கோபுரம் கைகொடுக்கிறது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்தக் கோபுரத்தின் அலை கிடைக்கிறது, எவ்வளவு பலமாகக் கிடைக்கிறது என்பதை வைத்து வண்டியின் இடத்தை ஊகிக்கலாம். கடைகளிலுள்ள வைஃபை அலைகளும் உதவும். பட்டணத்தில் கோபுரங்கள் நெருக்கம். ஆகவே ஊகம் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். தோட்டத்திலோ கோபுரம் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. கோபுரத்தை மட்டும் நம்பினால் கிலோமீட்டர் கணக்கில் தவறும். வானம் மறைந்த ஊரில் கோபுரம், கோபுரம் குறைந்த ஊரில் வானம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்று, தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை அனுப்புவது வேறு வேலை. அனுப்புவதற்குக் கைப்பேசி வலையமைப்பு வேண்டும். அலை கிடைக்காத இடத்தில் திரையிலுள்ள புள்ளி அப்படியே நின்றுவிடும். "ஐயோ, வேன் நின்னு போச்சே!" என்று பதற வேண்டாம். கடைசியாகச் செய்தி வந்த நேரத்தைப் பாருங்கள். ரேப்பிட் கேஎல் பஸ்களின் இருப்பிடத்தை அரசாங்கத் தரவுத்தளம் வெளியிடுகிறது. அதிலும் ஒவ்வொரு பதிவோடும் நேரம் இருக்கும்.

நிற்க. 2025 ஜூன் 9-இல் கெரிக் அருகே நள்ளிரவுக்குப் பின் பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டார்கள். அவர்களும் ஒரு காலத்தில் இப்படிப் பரிசு வாங்கிய பிள்ளைகள்தாமே. வேகம் கூடினால் திரை காட்டும். ஆனால் பிரேக்கை அது மிதிக்காது. அந்த நேரத்தில் திரைக்கு முன் ஆள் உண்டா, ஓட்டுநரை அழைத்து நிறுத்தச் சொல்வாரா? பிள்ளைகளின் சுற்றுலாவுக்குப் பஸ் பேசும்போது வாடகையோடு இதையும் கேளுங்கள்.

ஓட்டுநர் அண்ணன்மாருக்கும் ஒரு சொல். "எங்கே சுற்றினாய்?" என்று முதலாளி கேட்கப் பயன்படும் அதே பதிவு, நீங்கள் ஓய்வின்றி எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்பதையும் காட்டும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. எழுதிக் கேளுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் பள்ளிக்கு வாருங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம்.