திரைப்பதிவு: அளவைக் குறைங்க, ஓடிபியை மறைங்க



பட்டா மாறுதலுக்கு போன்ல விண்ணப்பிக்கும்போது பக்கம் பாதியிலேயே நின்னுட்டா, வாயால சொல்லிப் புரிய வைக்கிறது கஷ்டம். திரையை அப்படியே வீடியோவா பதிவு பண்ணிக்கோங்க. ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த வசதி போனிலேயே வருது.

ஆனா ஃபைல் பெருசானா அனுப்புறது சிரமம். பதிவு செட்டிங்ஸில் பிட்ரேட் 8 மெகாபிட்டா இருந்தா, நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி; 2 வெச்சா 15 எம்பிதான். சில போன்ல பிட்ரேட் இருக்காது, அங்கே ரெசல்யூஷனை 720க்குக் குறைங்க. ஃபிரேம் 15 போதும். நாம என்ன சினிமாவா எடுக்கிறோம்? எழுத்து தெரிஞ்சா சரி.

ஓடிபி, ஆதார் எண் வர்ற இடத்துல மட்டும் கவனம். அந்தப் பகுதியை வெட்டிட்டுத்தான் யாருக்கும் அனுப்பணும். அப்புறம் 1100-க்குப் பேசும்போது, எந்தப் பக்கம், என்ன பிழைன்னு வீடியோவைப் பார்த்தே சொல்லலாம்.