மரை போகுமுன் நிற்க வேண்டிய கை



மரை போவது என்றால் என்ன என்று சாமளாபுரம் பக்கம் தறி பிட்டர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். "இன்னும் ஒரு சுத்து" என்று ஸ்பேனரை இழுக்கும்போது போல்ட் சட்டென்று லேசாகும். அப்புறம் அது சுற்றும், பிடிக்காது. பைக்கில் விழுந்து முன்கை முறிந்து, கோவைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவரின் எலும்பிலும் இது நடக்கலாம்.

முறிந்த முன்கையில் வைக்கும் உலோகத் தகட்டைப் பிடிக்க வழக்கமாகப் போடுவது 3.5 மி.மீ. திருகாணி, அதற்குத் துளை 2.5 மி.மீ. துளையிடும்போது உப்புநீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு 47 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடம் செத்துப்போகலாம், செத்த எலும்பில் திருகாணி நிலைக்காது. முறுக்க முறுக்க, திருகாணியின் தலை தகட்டை எலும்போடு அழுத்தும். அழுத்தம் குறைந்தால் தகடு ஆடும். அளவு மீறினால், மரைக்கு நடுவே சிக்கிய எலும்பு நொறுங்கும்.

எங்கே நிறுத்துவது? "ரெண்டு விரல் இறுக்கம் போதும்" என்று பழகிய டாக்டர்கள் சொல்லிக்கொடுப்பதுண்டு. ஆனால் விரலை அவ்வளவு நம்பலாமா? 1980-இல் வெளியான ஒரு ஆய்வில், மரை போகும் அளவை 100 என்று வைத்தால், மருத்துவர்கள் சராசரியாக 86 வரை முறுக்கியிருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 70, 80 போதும் என்கின்றன. மரை போய்விட்டதைக் கை எப்போதும் உணர்வதும் இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

போனது தெரிந்தால் இன்னும் பருமனான திருகாணி போடலாம், இடம் மாற்றலாம். எலும்பு தேய்ந்த பாட்டிமாருக்குப் பெரும்பாலும் தகட்டிலேயே மரை பூட்டிக்கொள்ளும் வகையைப் போடுகிறார்கள். 3.5 மி.மீ. அளவில் அதற்கென்று 1.5 நியூட்டன் மீட்டரில் "டக்" என்று விட்டுவிடும் கைப்பிடி உண்டு. அதைத் தவிர்த்து வலுவாக முறுக்கினால் தலை தகட்டோடு இறுகிக்கொள்ளலாம்; கழற்றும் நாளில் அதைக் குடைந்துதான் எடுக்க வேண்டியிருக்கலாம்.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டையும், அதில் ஒட்டித் தரும் தகடு, திருகாணி ஸ்டிக்கர்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில வருஷம் கழித்து வேறு ஊரில் தகட்டை எடுக்க நேர்ந்தால், எந்தத் திருப்புளி வேண்டும் என்று அந்த டாக்டருக்கு அதிலிருந்துதான் தெரியும்.