ஆஸ்பத்திரி எந்தத் தெருவில்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



மஹாட் குளத்தைப் பற்றி நாம நிறையப் பேசியிருக்கோம். அதற்கு முந்தைய தீர்மானத்தில் ஆஸ்பத்திரியும் இருந்ததைப் பேசியதில்லை. 1923இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் நடக்கும் குளம், கிணறு, பள்ளிக்கூடத்தோடு மருந்தகங்களையும் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிடச் சொன்னது. மஹாட் நகராட்சி 1924இல் காகிதத்தில் ஏற்றுக்கொண்டது, குளம் திறக்கவில்லை. 1926இல் போலே மறுபடி எழுந்தார்: அமல்படுத்தாத நகராட்சிக்கும் லோக்கல் போர்டுக்கும் அரசு மானியம் தரக்கூடாது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் தலைமையில் நம்ம ஜனங்க தண்ணீரைத் தொட்டாங்க.

இதில் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். பொதுப்பணம் போகிற இடத்துக்குப் பொது உரிமையும் போகணும். மறுத்தால் பணத்தைப் பிடி.

ஆஸ்பத்திரியில் தீண்டாமை பாராட்டுவது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாசலில் நிறுத்த முடியாது. ஆனா வாசலையே தூரத்தில் வைக்கலாமே! சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. ஊரும் சேரியும் சேர்ந்துதான் அந்த 5,000. தலை எண்ணும்போது நாம வேணும். இடம் பார்க்கும்போது ஊர் நடுவில். காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஊர்த்தெருவைக் கடக்க நம்ம பொம்பளைங்க தயங்குறதை நான் பார்த்திருக்கேன். நர்சம்மா சேரிக்கு வராமலே பதிவேடு நிரம்புறதையும் பார்த்திருக்கேன்.

பணம் எங்கே இருக்கு? 1993இல் அமலுக்கு வந்த 73ஆவது திருத்தம், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கக்கூடிய பொறுப்புகளில் மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்தகங்களையும் சேர்த்தது. கேரளம் தொண்ணூறுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கிராமப் பஞ்சாயத்திடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அவை அரசுத் துறையிடமே இருக்கின்றன. 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 2021-26 காலத்துக்கென 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கட்டடமில்லாத துணை நிலையங்களுக்குக் கட்டடம் கட்டுவதும் அதில் உண்டு.

அதிகாரம் பஞ்சாயத்துக்கு வந்தாலே விடிஞ்சிடும்னு நான் சொல்லல. ரிசர்வ் தொகுதியில் ஜெயிச்ச தலைவர் முருகேசனை மேலவளவில் 1997இல் வெட்டிக் கொன்றவர்கள் இருக்கிற நாடு இது. ஆனால் பணக் கணக்கை ஊர்க்காரர்களிடமே விட்டுவிட்டால், கட்டடமும் அவர்கள் தெருவிலேயே நிற்கும்.

அதனால கிராம சபையில் கூட்டமாப் போய் மூணு கேள்வி கேளுங்க. சுகாதாரத்துக்கு எவ்வளவு பணம் வந்தது? கட்டடம் எந்த இடத்தில், யார் முடிவு செய்தது? நர்சம்மா சேரிக்கு எந்தக் கிழமை வருவாங்க? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்க. மஹாட்டிலும் தீர்மானம் எழுதித்தான் வச்சிருந்தாங்க. எழுதினதைச் செஞ்சு காட்டினது, குளத்தில் இறங்கின ஜனங்க.