முதல் வரியில் எதை எழுதுவது?

(நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்காக எமது சங்கம் நடத்திய வழிகாட்டல் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக மேடையேறியது ஒரு பரிசளிப்பு விழா நாடகத்துக்காக. எனக்கு ஒரேயொரு வசனம்தான். அதையும் மறந்துவிட்டு நின்றேன். இன்று மறக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

போட்டி மிகுந்த விஞ்ஞானப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நல்ல விண்ணப்பம் தயாரிப்பது எப்படி என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வெற்றிக் கதையாக அதைச் சொல்லலாம். ஆனால் நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நான் உயர்தரம் எழுதியது 2004 இல். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். தாவரங்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பேராதனை நமக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறி பிலிமத்தலாவையைத் தாண்டினால் வந்துவிடும். பூங்காவுக்குப் பாடசாலைச் சுற்றுலா போன நாளிலிருந்தே அந்த இடம் என் மனதில் இருந்தது.

பெறுபேறு வந்தது. மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை அப்பா வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தவர் எனக்கு முன் ஒருவரும் இல்லை. அதனால் விஷயம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பிய ஓர் உறவினரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். நல்லதை நினைத்துத்தான் சொன்னார். “பிள்ளை, கிடைக்காததை மேலே எழுதி இருப்பதையும் இழந்துவிடாதே. சுலபமாகக் கிடைப்பதை முதலாவதாகப் போடு.” அப்பா தலையாட்டினார். நானும் எழுதினேன். என் ஆசை ஐந்தாவது வரிக்குப் போனது.

வெட்டுப்புள்ளி வெளிவந்த அன்று பார்த்தால், நான் ஐந்தாவதாக எழுதிய கற்கைநெறிக்குத் தேவையான புள்ளியைவிட என் புள்ளி கூடுதலாக இருந்தது. ஆனால் எனக்குக் கிடைத்தது முதலாவதாக எழுதியதுதான். கணினி என் மனதைப் பார்க்கவில்லை. நான் எழுதிய வரிசையைப் பார்த்தது. பஸ்ஸில் அவ்வளவு பக்கத்தில் இருந்த இடம் விண்ணப்பத்தில் எட்டாத தூரமாகிவிட்டது. அந்த வரிசையைத் திருத்திக்கொண்டு தாவரவியலுக்குத் திரும்பி வர எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

ஆகவே தங்கைகளே, முதலாவது விஷயம் இதுதான். தெரிவு வரிசையை உண்மையான விருப்பத்தின்படி எழுதுங்கள். நீங்கள் எழுதிய வரிசையில் மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் புள்ளிக்கு எட்டும் முதல் கற்கைநெறியையே தருகிறார்கள். எட்டாத ஒன்றை மேலே எழுதியதற்காகத் தண்டனை இல்லை; கீழே உள்ளது பறிபோவதும் இல்லை. சுலபமானதை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் எழுதுங்கள், ஆனால் கீழே எழுதுங்கள். சென்ற வருட வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டி மட்டுமே. அது ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கும். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. அதில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் வேறொரு ஊருக்கு விண்ணப்பித்தவராகிவிடுவீர்கள். அனுப்புவதற்கு முன் இன்னொருவரைக்கொண்டு சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

இரண்டாவது, இசட் புள்ளி. 2001 முதல் இதுதான் நம் தலைவிதியை எழுதுகிறது. ஆனால் இது என்னவென்று தெரியாமலேயே பலர் பரீட்சை எழுதுகிறோம். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பதே இசட் புள்ளி. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 15 என்று வையுங்கள். 70 எடுத்தவருக்கு இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 55, நியம விலகல் 20. அதில் 75 எடுத்தவருக்கு 1. பார்த்தால் 75 பெரியது. கணக்கில் 70 தான் பெரியது. மூன்று பாடங்களின் சராசரியே உங்கள் இறுதிப் புள்ளி. எனவே எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது என்று பௌதிகவியலைக் கைவிடாதீர்கள். எல்லோரும் தடுமாறும் இடத்தில் நீங்கள் எடுக்கும் நல்ல புள்ளிக்குப் பெறுமதி கூட. பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அதை அலட்சியம் செய்து வருந்தியவர்கள் உண்டு.

மூன்றாவது, மாவட்டம். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் வரை, சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு. கண்டி இல்லை. இதன் பொருள் என்ன? நம் தோட்டத்து லயத்தில் இருந்து படிக்கும் பிள்ளை, ஆய்வுகூடமும் நூலகமும் நிறைந்த கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்கிறாள். இதில் நியாயம் இருக்கிறதா என்று தனியாகப் பேசலாம். இன்று நான் சொல்வது, யாரோடு போட்டியிடுகிறோம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்ளுங்கள் என்பதைத்தான். கண்டி மாவட்ட வெட்டுப்புள்ளியை எடுத்துப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

நான்காவது, ஆங்கிலம். தமிழில் பரீட்சை எழுதுகிறோம். விஞ்ஞான பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒளித்தொகுப்பு என்றால் நமக்கு எல்லாம் தெரியும். ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்று விரிவுரையாளர் சொன்ன முதல் நாள், அது வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் நான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சிறிய கொப்பி வைத்து, தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை இன்றே எழுதத் தொடங்குங்கள். பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்கள் வீணாகப் போகவேண்டியவை அல்ல.

இனி, நாட்டுக்கு வெளியே விண்ணப்பிப்பது பற்றி. அங்கே புள்ளி மட்டும் போதாது. நீங்கள் யார், என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்.

இதற்கு ஒரு பழைய உண்மைக் கதை. 1933 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்று முதலிடத்தில் வந்த கமலா பகவத் என்ற இளம்பெண், பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அப்போது அதன் பணிப்பாளர் சேர் சி. வி. இராமன், நோபல் பரிசு பெற்றவர். பெண் என்பதால் அவர் மறுத்தார். கமலா வீட்டுக்குத் திரும்பவில்லை. காரணம் கேட்டு நேரில் போய் நின்றார். கடைசியில் ஒரு வருடம் பரீட்சார்த்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள், கடுமையான நிபந்தனைகளோடு. அந்த ஒரு வருட வேலையைப் பார்த்த பின் இராமனே மனம் மாறினார். அவருக்குப் பின் வந்த பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. கமலா சோஹனி என்று பின்னர் அறியப்பட்ட அவர் 1939 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய உண்மையான விண்ணப்பம் அந்த ஒரு வருட ஆய்வுகூட வேலைதான். விண்ணப்பப் பத்திரம் அதற்குப் போட்ட உறை.

உங்களிடமும் அப்படி ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. விண்ணப்பங்களை வாசிக்கும் வேலை எனக்கும் இப்போது வருவதுண்டு. “சிறு வயது முதல் எனக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் அதிகம்” என்ற வாக்கியத்தை நான் எண்ண முடியாத தடவை வாசித்துவிட்டேன். அதை வாசித்தபின் அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவருவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறாள் என்று வையுங்கள்: “எங்கள் லயத்துக்குப் பக்கத்து ஓடையில் மழைக்கு அடுத்த நாள் தண்ணீர் கலங்கும். ஒரே அளவான போத்தல்களில் மூன்று மாதம் தண்ணீர் எடுத்து, அடியில் படியும் மண்ணின் உயரத்தை அளந்தேன். புதிதாக மண் வெட்டிய சரிவுக்குக் கீழே அது கூடுதலாக இருந்தது. ஆனால் இரண்டு நாட்களின் அளவுகள் இதற்குப் பொருந்தவில்லை; அதற்குக் காரணம் எனக்கு இன்னும் தெரியவில்லை.” இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே நான் அவளைக் கூப்பிட்டுப் பேசுவேன். பொருந்தாத அளவை மறைக்காதவள் விஞ்ஞானம் படிக்கத் தகுதியானவள்.

நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. மழை இருக்கிறது, அட்டை இருக்கிறது, தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது, மலையேறும் ரயில் பாதை இருக்கிறது. ரயில் நூதனசாலையில் நிற்கும் பழைய எஞ்சின் ஒன்றே வெப்பவியலில் பாதிப் பாடம் நடத்தும். ஒன்றைத் தெரிவுசெய்து, திகதி போட்டு, ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. போன்ற இடங்கள் நமக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நுழைவது மிகக் கடினம் என்பது உண்மை. ஆனால் அங்கே வெளிநாட்டு மாணவரையும் குடும்பத்தின் பண வசதியைப் பார்க்காமலே தெரிவு செய்கிறார்கள். தெரிவானவருக்குத் தேவையான உதவியைத் தருகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேட்கலாம். அவர்கள் கேட்பது சில சிறு கட்டுரைகள், ஒரு பரீட்சை, இரண்டு ஆசிரியர்களின் கடிதங்கள். ஒருவர் கணிதம் அல்லது விஞ்ஞானம் கற்பித்தவர். மற்றவர் மொழி, வரலாறு போன்ற பாடம் கற்பித்தவர். இந்தியாவில் படிக்க விரும்புவோருக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். “இவர் ஒழுக்கமானவர், கீழ்ப்படிவுள்ளவர்” என்று அன்போடு எழுதித் தருகிறீர்கள். அது நற்சான்றிதழுக்குப் போதும். இந்தக் கடிதத்துக்கு, அவள் வகுப்பில் கேட்ட ஒரு கேள்வியை எழுதுங்கள். தங்கைகளே, ஆசிரியருக்கு ஒரு மாதமாவது நேரம் கொடுங்கள். நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

கடைசியாக என் சகோதரிகளிடம், இதை மலரில் கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து வாசிக்கப்போகும் பழைய மாணவியரிடம் ஒன்று கேட்கிறேன். நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுகிறோம், மகிழ்ச்சி. அதோடு ஒரு மேசையும் போடுவோம். ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வந்த பின் இரண்டு சனிக்கிழமைகள். பல்கலைக்கழகம் போன நம்மில் நாலைந்து பேர் இந்த மண்டபத்தில் அமர்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் விண்ணப்பத்தையும் அவளோடும் பெற்றோரோடும் சேர்ந்து வரி வரியாக வாசிப்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டுரைகளை வாசித்துத் திருத்தச் சொல்லலாம். எழுதிக் கொடுக்க வேண்டாம். கேள்வி மட்டும் கேளுங்கள். செலவு தேநீருக்கு மட்டுந்தான்.

2005 இல் அப்படியொரு மேசை இருந்திருந்தால், யாராவது ஓர் அக்கா என் பத்திரத்தைப் பார்த்து, “உனக்கு உண்மையில் எது விருப்பம்?” என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விதான் எனக்குக் குறைவாக இருந்தது.

முதலாவது சனிக்கிழமைக்கு என் பெயரை இன்றே செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குக் கீழே இடம் இருக்கிறது.